வலி மாத்திரை வாங்கும் முன் ஒரு நிமிஷம்



உங்க வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா? ஸ்டென்ட் வைத்தவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எனப் பலருக்கும் இது கொடுக்கப்படுகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசினோகுமரால் என்று சீட்டில் எழுதியிருக்கும்.

"முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான் டாக்டர்." மருத்துவமனையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சிக்கலே அந்த ரெண்டு மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உள்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பைக் குறைத்துப் புண்ணாக்கிவிடும். மற்றவர்களுக்குச் சின்னப் புண்ணில் கசியும் ரத்தம் தானாக உறைந்து நிற்கும். இவர்களுக்கு அது லேசில் நிற்காது.

அதுக்காகப் பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதம் வரலாம். செய்ய வேண்டியவை இவைதான்:

1. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து போனில் வையுங்கள். மருந்துக் கடை, பல் மருத்துவர், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

2. வயது 65-க்கு மேலா? முன்பு குடல்புண் இருந்ததா? இரண்டு வகை மாத்திரை சேர்த்துச் சாப்பிடுகிறீர்களா? பான்டோபிரசோல் போன்ற வயிற்றைக் காக்கும் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

3. வார்ஃபரின், அசினோகுமரால் சாப்பிடுபவர்கள் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். அடுத்த தேதிக்கு போனில் அலாரம் வையுங்கள்.

4. மது வேண்டவே வேண்டாம்.

மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போகிறதா? வாந்தியில் ரத்தமோ, காபித்தூள் மாதிரியோ வருகிறதா? தலை சுற்றி, வியர்த்து, மயக்கம் வருகிறதா? காலையில் பார்த்துக்கலாம்னு படுத்துடாதீங்க. உடனே 108-ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், உண்மைதான். ஆனால் எதனால் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை. அப்பா, அம்மாவின் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து, வீட்டில் எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். ராத்திரி 2 மணிக்கு அவசரம்னு வந்தால், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.