கடாரமும் கள்ளுக்கடையும்



‘நான் போற்றும் தலைவர்’ என்னும் கட்டுரையை எழுதாமல் தமிழ்ப்பள்ளியைக் கடந்தவர் நம்மிடையே அரியர். காந்தியடிகள், பாரதியார், பெரியார், அண்மைக் காலத்தில் அப்துல் கலாம் என்று பெயர்கள் வரிசையாக வரும். வரவேண்டிய பெயர்களே அவை. ஆயினும் கெடா மாநிலப் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படிக்கும்பொழுதெல்லாம் எனக்கு ஒரு வினா எழும். பீடோங்கில் வளரும் பிள்ளைக்கும் மதுரையில் வளரும் பிள்ளைக்கும் முன்னோர் வரிசை முற்றிலும் ஒன்றுதானா?

சிலர் இராசேந்திர சோழனைச் சேர்த்துக்கொள்வர். கடாரம் கொண்டவன் அல்லனா! 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அப்படையெடுப்பைப் பேசாத தமிழ்விழா இங்கு இல்லை. பூசாங் பள்ளத்தாக்கிற்கும் மெர்போக் அருங்காட்சியகத்திற்கும் மாணவரை அழைத்துச் செல்கிறோம். 2013இல் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி இடித்துத் தள்ளப்பட்டபோது கொதித்தெழுந்தோம், அது தக்கதே. ஆனால் நம் பாட்டன்மார் சோழன் கப்பலில் வந்தவர் அல்லர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக் கங்காணியின் பின்னே பால்மரக் காட்டிற்குள் நடந்தவர்கள். மெர்போக்கிலிருந்து பீடோங் கூப்பிடு தொலைவு. அந்தச் சிறு தொலைவை நம் வரலாற்றுச் சுற்றுலாப் பேருந்துகள் கடப்பதில்லை.

பீடோங்கை அடுத்து ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். நம்மவர் அங்குப் பெற்ற பட்டம் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், அத்தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை ஒன்றைக் கட்டினார். தோட்டத் தொழிலாளரைக் கள்ளிலிருந்து மீட்பது அதன் முதல் நோக்கம்.

கள்ளுக்கடை தோட்டத்தில் என்ன செய்தது என்பதை இளையோர் அறிதல் வேண்டும். அது ஒளிந்து நடந்த வாணிகம் அன்று. அரசின் உரிமத்தோடு, நிர்வாகத்தின் இசைவோடு, லயங்களுக்கு அருகிலேயே நடந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் சுமந்து பெற்ற கூலியில் ஒரு பகுதி மாலையில் அக்கடைக்கே திரும்பிப் போயிற்று. கடனும் அடிதடியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஆகவே கடையை மூடு என்ற குரல் ஒழுக்கப் பரப்புரையாக மட்டும் நிற்கவில்லை. கூலி, மானம், அதிகாரம் மூன்றையும் ஒருங்கே தொட்டது. தொண்டர்கள் கவாத்துப் பழகினர், கடைகளை மறித்தனர். 1947இன் முற்பகுதியில் காவற்படையோடு மோதல்கள் நிகழ்ந்தன. உயிர்கள் போயின, கைதுகள் தொடர்ந்தன, இயக்கம் ஒடுக்கப்பட்டது.

சாமியின் படை வெட்டவெளியில் முளைத்தது அன்று. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயாவெங்கும் சீர்திருத்தம் பேசினார். 1943இல் நேதாஜி இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், தோட்டத்து ஆண்களும் பெண்களும் சீருடை அணிந்து நிமிர்ந்து நிற்கப் பழகினர். காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கையோ அதற்கு முன்பே பரவியிருந்தது. இப்பெருங்குரல்கள் எல்லாம் தொலைவிலிருந்து வந்தவை. லயத்து வாசலில் நின்று அவற்றை, ‘இன்று மாலை நீ அந்தக் கடைக்குப் போகாதே’ என்னும் ஒற்றை வாக்கியமாக மாற்றிச் சொல்ல அருகிலிருந்த ஒருவர் வேண்டியிருந்தது. ஒருவர் வாழ்வை உருவாக்கிய பெரியோர் யார் என்று கேட்கும்போது, மேடையில் பேசியவரை நாம் எண்ணுகிறோம்; வாசலில் நின்றவரை விட்டுவிடுகிறோம்.

துன் வீ. தி. சம்பந்தன் அவ்வாறு விடுபட்டவர் அல்லர். ஆயினும் கெடாவுக்கும் அவருக்குமுள்ள தொடர்பைப் பலர் அறியார். ஐம்பதுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் அமைத்தார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்.

கள்ளின் கதை 1947இல் முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். 1981இல் லூனாசில் சம்சு என்னும் நச்சுச் சாராயம் அருந்திப் பலர் மாண்டனர். அவ்வூரில் வளர்ந்த ம. நவீன் அத்துயரைத் தம் ‘பேய்ச்சி’ நாவலுக்குள் கொண்டுவந்தார். 2019இல் வெளிவந்த அந்நூலை அடுத்த ஆண்டு டிசம்பரில் அரசு தடை செய்தது. நூலின் மொழி பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். தோட்டத்து மனிதர் இலக்கியத்திற்குத் தகுந்தவர் என்பதை அவ்வூர்ப் பிள்ளைக்கு உணர்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் எழுத வேண்டியிருந்தது என்பதே என் கருத்து.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. 1947இல் பத்து வயதினராய் இருந்தோர் தொண்ணூறை நெருங்கிக்கொண்டும் கடந்துகொண்டும் இருக்கின்றனர். பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயங்கள் பல இல்லை. அடுத்த முறை அக்கட்டுரைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதும்போது, ஒரு வாரம் தவணை கொடுங்கள். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும்: உங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை எந்த இடத்தில் இருந்தது? அதற்குப் போகாதே என்று சொன்னவர் யார்? அவருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது?