பிள்ளைகளுக்கும் வரவு செலவு தெரியட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



குழுவில் சேர்ந்த பிறகுதான் நம்மில் பல பேர் வங்கிக்குள் காலடி வைத்தோம். சலான் எழுதவும், பாஸ்புக்கில் வரவு எது, பற்று எது என்று பார்க்கவும் பழகினோம். நம் வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் போடுவார்கள். "ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள், முழிப்பார்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம்.

எங்கள் குழுவில் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். முதலில் போட்ட கணக்கு இதுதான். கடன் 10,000 ரூபாய், ஒரு வட்டி, மாதம் 1,000 அசல், 10 மாதம். நம் குழுவில் மீதி அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 100, அப்புறம் 90, 80 என்று குறைந்து கடைசி மாதம் 10. மொத்தம் 550. அதே வட்டியை 10 மாதமும் முழு 10,000-க்கும் போட்டால் 1,000. "வட்டி ஒண்ணுதானே அத்தை, எப்படி 450 கூடுது?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்வி வந்தால் போதும், அவனை யாரும் ஏமாற்ற முடியாது.

அடுத்தது செல்போன். 18 வயது ஆகாதவர் போடுகிற கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் பிள்ளை கேட்கிற போன், தவணையில் அப்பா அம்மா பேரில்தான் வரும். தவணை தவறினால் கெடுவது நம் கடன் பதிவு. நாளைக்கு நாம் வங்கியில் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். இதைச் சொல்லாமல் "காசு இல்ல, போடா" என்று விரட்டினால் அவனுக்கு என்ன புரியும்? ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, பணம் போனால் உடனே 1930-க்குப் போன் போட வேண்டும் என்பதையும் பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்கிறோம்.

ஒரு அக்கா கேட்டார்கள், "படிக்கிற பிள்ளைகிட்ட கடன் கதை எதுக்கு? மனசு ஒடிஞ்சிடாதா?" நியாயமான பேச்சுதான். நான் என் மகள் தலையில் பாரத்தை இறக்கவில்லை. மாதம் வருவது எவ்வளவு, மளிகை, கேஸ், தவணை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "இந்தத் தவணை எப்பம்மா முடியும்?" என்றாள். வைகாசியில் என்றேன். இப்போது நோட்டில் தவணையை அடித்து விடுவது அவள் வேலை.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அந்தப் பணம் பிள்ளையின் கணக்குக்கே வரும். அன்றைக்குப் போய்ப் பழக்க முடியுமா? 10 வயது முடிந்த பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருக்கிறது. விதி வங்கிக்கு வங்கி மாறும், கிளையில் கேளுங்கள்.

நான் கேட்பது ரெண்டுதான். ஒவ்வொரு குழுவும் கூட்டம் முடிந்து அரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரவு செலவு நோட்டு போட்டு, அதைப் பிள்ளை கையில் எழுதச் சொல்லுங்கள்.