கிருமி இல்லாத நெஞ்சு நோய்

(இளைஞர் பிரிவின் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துவிட்டு மளிகை மொத்த வியாபாரம் பார்ப்பவன். எங்கள் பெரியத்தாவுக்கு வந்த நோயைப் பற்றிச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு முதலில் மூக்கடைப்பு. மூக்கில் பொருக்குத் தட்டி ரத்தம் வரும். பிறகு காய்ச்சல், இருமல், சளியிலும் ரத்தம். ஆளும் இளைத்துப் போனார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டுகள். நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்; கேட்கவில்லை. அடுத்து டிபி என்று சந்தேகம். அவரே தட்டையும் கிளாஸையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை.

டாக்டர்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்த நோயிலும் நுரையீரலில் கட்டி வந்து நடுவில் குழி விழும். படத்தில் டிபி போலவே தெரியும்.

சளியில் டிபி கிருமி இல்லை. அப்போதுதான் ஒரு டாக்டரம்மா சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். அதில் ரத்தமும் புரதமும் இருந்தன. நெஞ்சில் கிருமி என்றால் சிறுநீரகம் ஏன் கெடுகிறது? அந்தக் கேள்விதான் வழி காட்டியது. 'ஆன்கா' என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஜிபிஏ என்றார்கள். முன்பு வெக்னர் நோய் என்று பெயர். அந்த ஜெர்மன் டாக்டரின் நாஜிக் கட்சித் தொடர்பு வெளிவந்த பிறகு, 2011இல் மருத்துவச் சங்கங்கள் பெயரை மாற்றிவிட்டன.

கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் நம் சிறிய ரத்தக் குழாய்களையே தாக்குகின்றன. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் அடி வாங்கும். யாருக்கும் தொற்றாது. ஆனால் சிறுநீரகம் வலியே காட்டாமல் சில வாரங்களில் போய்விடலாம். ஆன்டிபயாடிக் முடித்தும் இருமல் விடாமல், கூடவே மூக்கில் ரத்தம், கண் சிவப்பு, மூட்டு வலி, காலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால், "சிறுநீரையும் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்து இல்லாத காலத்தில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் மவுத்தாகிவிடுவார்களாம். 1970களில் ஃபாச்சி (ஆமாம், கோவிட் நேரத்தில் டிவியில் வந்த அதே அமெரிக்க டாக்டர்தான்) தம் சக மருத்துவரோடு சேர்ந்து சைக்ளோபாஸ்பமைடையும் ஸ்டீராய்டையும் கொடுத்து அந்த நிலையை மாற்றினார். இப்போது ரிட்டுக்சிமாப் ஊசியும் இருக்கிறது. எல்லாமே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள். உண்மையிலேயே டிபி இருப்பவருக்கு இவற்றைக் கொடுத்தால் ஆபத்து. அதனால்தான் டாக்டர்கள் கிருமி இல்லை என்று உறுதிசெய்யப் பாடுபடுகிறார்கள்.

பெரியத்தா டயாலிசிஸுக்குப் போகாமல் தப்பித்தார், அல்ஹம்துலில்லாஹ். நோய் திரும்பலாம் என்பதால் மாதாமாதம் ரத்தமும் சிறுநீரும் கொடுக்கிறார். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் ரமலானுக்கு முன்பே டாக்டரிடமும் ஆலிம்சாவிடமும் கேட்டோம். இந்த வருடம் நோன்புக்குப் பதில் ஃபித்யா கொடுத்தார். அதில்தான் மனுஷனுக்கு வருத்தம்.

வஸ்ஸலாம்.