காயங்களோடு உயிர்த்தவர்



இறந்தவருக்கு மரியாதை செய்யவே நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறோம். ஆனால் இறந்த பிறகாவது நம் மக்களுக்கு மரியாதை கிடைக்கிறதா? இந்தக் கேள்வியோடுதான் இன்று கைலாசபுரத்தில் கூடியிருக்கிறோம்.

இங்கிருந்து திருச்சி நகருக்குள் போனால் மேலப்புதூர். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிறரிடமிருந்து பிரிக்கும் சுவர் எழுப்பப்பட்டதை நாடே அறியும். உடல்கள் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுகிற திருச்சபை, அந்த உடல்கள் காத்துக்கிடக்கும் மண்ணைச் சாதியால் கூறுபோட அனுமதித்தது. கடைசி நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர்ப்பு, இந்தப் பக்கம் ஓர் உயிர்ப்பு என்றா நடக்கப்போகிறது?

இன்னொரு சுவரை அரசு எழுப்பியது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் இசுலாமியரும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஒரு சாதிச் சான்றிதழில் ஒரு குடும்பத்தின் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் அடங்கியிருப்பதை இந்தப் பெல் நகரியத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அந்தச் சான்றிதழோடுதான் வருகிறது.

இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு இரட்டைப் பேச்சு நடக்கிறது. டெல்லிக்கு மனு எழுதும்போது, மதம் மாறியும் சாதி போகவில்லை என்கிறது திருச்சபை. பங்கில் நாம் அதையே சொன்னால், கிறித்தவத்தில் சாதி இல்லை, ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள் என்று வாயை அடைக்கிறார்கள். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. மனுவிலும் கொள்கையிலும் ஒப்புக்கொண்டதை மறையுரையிலும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே நம் கோரிக்கை.

இது நம் விசுவாசத்துக்கு எதிரானதல்ல. உயிர்த்த இயேசு தோமாவுக்கு எதைக் காட்டினார்? ஆணி பாய்ந்த கைகளை, குத்தப்பட்ட விலாவை. மாட்சியடைந்த உடலிலும் காயங்கள் மறைக்கப்படவில்லை. அவற்றைக் கண்டுதான் தோமா நம்பினார். அப்படியிருக்க, நம் காயத்தை மூடிக்கொண்டு வந்தால்தான் பலிபீடத்தின் முன் இடம் என்பது எந்த நற்செய்தி?

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம் 'பறட்டை', ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதில் இறையாட்சியைக் கண்டார். மறுமைக்காகக் காத்திராமல், இன்றைய பசியிலிருந்து தொடங்கினார். நம் எதிர்நோக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பங்கிலும் கேட்போம்: கல்லறையில் எங்களுக்கு எந்த இடம்? தேர்பவனி எங்கள் தெருவுக்கு வருகிறதா? பங்குப் பேரவையில் எங்கள் குரல் உண்டா? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்பதற்கான துணிவை நமக்குத் தந்ததும் இந்த விசுவாசம்தான்.

ஜெய்பீம்.