தேர்வும் நடுவுநிலைமையும்



தேர்வு எதனை அளக்கிறது? கற்ற கல்வியை என்பீர்கள். அவ்வாறாயின், விரைந்து எழுதும் கைவேகம் கல்வியாகுமா? சிற்றெழுத்தைக் காணும் கண்ணொளி கல்வியாகுமா? ஆகா. அவை உள்ளத்தில் உள்ள கல்வியை விடைத்தாளில் கொண்டு சேர்க்கும் வழிகளே. ஒரு வழி அடைபட்டவருக்கு மற்றொரு வழி திறந்துவிடுவது சலுகை அன்று, நீதி.

‘எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம்; அதுதானே நடுவுநிலைமை?’ என்று கேட்பாருண்டு. மூக்குக் கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் மாணவரிடம், ‘மற்றவர்க்கு இல்லாத இவ்வுதவி உனக்கு மட்டும் ஏன்? கழற்றிவை’ என்று எவரேனும் சொல்கிறோமா?

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வு முறையில் தக்க மாறுதல் செய்வதை அரசின் கடமையாக்கியது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களில் விலக்கு ஆகியவற்றை அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரவேண்டும் என்றன. மூன்று மணித் தேர்வுக்கு இது ஒரு மணி நேரமாகும். எழுதும்போது கை இறுகிவிடும் நோயுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி சென்றது. குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காகவே எழுதுபவரை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் வழியைத் திறந்தது. அவ்வழி செம்மையாக அமைவது மனிதர் கையில் இருக்கிறது. கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ‘இரண்டு கூட்டல் மூன்றின் வர்க்கம்’ என்று பார்வையற்ற மாணவி ஒருத்தி சொல்கிறாள். இரண்டையும் மூன்றையும் கூட்டி வர்க்கம் காண்பதே அவள் கருத்து; விடை 25. எழுதுபவரோ மூன்றுக்கு மட்டும் வர்க்கக் குறியிடுகிறார், விடை 11. பிழை அவளுடையதா? அடைப்புக்குறி கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்பதில்லை. ஆதலால் என் மாணவர்களை ‘அடைப்பு தொடக்கம், அடைப்பு முடிவு’ என்று சொல்லப் பழக்குகிறேன். எழுதுபவருடன் முன்னரே சில நாள் பயிற்சி பெறுவதும் இன்றியமையாதது. வினாவைப் படிக்கக் கேட்டு, விடையைச் சொல்லி, எழுதியதை மீண்டும் கேட்டுத் திருத்துவதற்கே அந்தக் கூடுதல் நேரம் என்பதும் இப்போது விளங்கும்.

உங்களிற் சிலருக்கும் ஒருநாள் பிறர்க்காக எழுதும் வாய்ப்புக் கிட்டலாம். அப்போது அவர் சொன்னதையே எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் சொல் ஒன்றைக் கூட்டினால் அவர் அறிவை இகழ்ந்தவர் ஆவீர்கள். அவர் சொல் ஒன்றை விட்டால் அவர் உழைப்பைப் பறித்தவர் ஆவீர்கள். அவர் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முற்றும் அவருடையதாகவே இருத்தல் வேண்டும். அதுவே தேர்வின் நடுவுநிலைமை.