கணிப்பொறியில் ஒரு பாய்மரப் படகு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கழகத்தின் கணிப்பொறி அறையில் மாலை வேளைகளில் பயிலும் இளைஞர் சிலர், “ஐயா, அளவெல்லாம் சரியாகப் போட்டும் எங்கள் படம் பொம்மை போல் இருக்கிறதே, ஏன்?” என்று என்னிடம் வினவினர். அவ்வினாவிற்கு விடை கூறவே விழைகின்றேன். எடுத்துக்காட்டாகப் பாய்மரப் படகைக் கொள்கிறேன். வீடு வரைவோர்க்கு நேர்கோடு கைகொடுக்கும். படகிலோ அது அரிது. அதன் உடல் வளைவு, பாய் வளைவு, அது மிதக்கும் நீரும் ஓயாத வளைவு. படகை உயிரோடு காட்டக் கற்றவனுக்கு மேசை நாற்காலி எம்மாத்திரம்?

படகின் வடிவத்தைப் பக்கவாட்டிலும், மேலிருந்தும், குறுக்காக வெட்டியும் மூவகைக் கோட்டுப் படங்களாக வரைவது கப்பற் கலையின் மரபு. தொழில் அறிந்தோர்க்கு அது போதும். படகிற்குப் பணம் கொடுப்பவருக்கு அக்கோடுகள் விளங்கா. அவருக்காகவே ஒளியும் நிறமும் நீரும் சேர்த்துப் படம் ஆக்குகின்றனர். இதனைத் தொழிலில் ரெண்டரிங் என்பர்.

முற்காலத்தில் வரைவாளர் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வளைத்து, அது நழுவாதபடி ஈயக் கட்டிகளை வைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுத்தனர். அச்சட்டத்தின் பெயர் ஸ்ப்ளைன். இன்று கணிப்பொறி வரையும் வளைகோட்டிற்கும் அதே பெயர்தான். மரச்சட்டம் முரட்டுத்தனமாக வளைய மறுக்கும், கணிப்பொறி மறுக்காது. ஆகவே புள்ளிகளைக் குறைவாக வைத்து, கோடு ஒழுகும்படி செய்தல் நம் பொறுப்பு. மேடு பள்ளம் உள்ள உடலுக்கு எத்துணை வண்ணம் பூசினாலும் ஒளி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். பொம்மைத் தோற்றத்திற்கு முதற் காரணம் இதுவே.

பயில்வதற்கு நான் பரிந்துரைப்பது ‘ஸ்பிரே’ என்னும் படகு. அமெரிக்காவில் ஒரு புல்வெளியில் கிடந்து மக்கிய பழம்படகை, ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் 13 மாதம் உழைத்து, 553 டாலர் 62 சென்ட் செலவில் தம் கையாலேயே புதுப்பித்தார். 1895 ஏப்ரல் 24-இல் பாஸ்டனை விட்டுத் தன்னந்தனியே புறப்பட்டு, 1898 ஜூன் 27-இல் உலகைச் சுற்றி மீண்டார். தனியொருவராய் அதனைச் செய்த முதல் மனிதர் அவரே. நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். 1900-இல் வெளிவந்த அவருடைய நூலிலேயே கோட்டுப் படமும் உண்டு. 1909-இல் அவரும் படகும் கடலில் மறைந்தனர். இன்று ஸ்பிரேயைப் புதிதாக வரைபவர், கண்ணால் காண இயலாத ஒன்றைக் காட்டுகிறார். அதற்குப் படிப்பு வேண்டும். புறப்பட்டபோது அதற்குப் பாய்மரம் ஒன்று. வழியில் பின்புறம் சிறியதொன்றைச் சேர்த்தார். எந்த ஆண்டுப் படகை வரைகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்து ஒளி. வழவழப்பான பரப்பில் மின்னும் ஒளிப்பொட்டைக் கணக்கிடும் முறையை 1975-இல் வெளியிட்டவர், வியட்நாமில் பிறந்த பூய் துவாங் ஃபோங். அதே ஆண்டில் இளவயதிலேயே அவர் மறைந்தார். அவர் பெயரால் அம்முறை இன்றும் வழங்குகிறது. உச்சிவெயில் வேண்டாம், காலை அல்லது மாலை ஒளியைப் பக்கத்திலிருந்து விடுங்கள். பாய்க்குப் பின்னே கதிரவன் நின்றால் துணி ஒளி ஊடுருவிப் பொலியும். நீரைச் செங்குத்தாக நோக்கினால் உள்ளே தெரியும். சாய்ந்து நோக்கினால் வானம் பிரதிபலிக்கும். தொலைவிலும் அருகிலும் ஒரே நீலத்தைப் பூசிய கடல் சுவராகத்தான் நிற்கும். பார்வையை, துறையில் நிற்கும் மனிதனின் கண் உயரத்தில் வையுங்கள். அகன்ற கோணத்தில் மிக நெருங்கினால் அணியம் பூசணிக்காயாய் உப்பிவிடும்!

காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்று படத்திலுள்ள அனைத்தும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். கொடி ஒருபுறம், அலை வேறுபுறம், படகு காற்றை எதிர்த்தே சாய்கிறது என்றால், கடலறிந்த சிறுவன்கூட நகைப்பான்.

அழகிற்காகப் பொய் சொல்வோரும் உளர். பாரம் ஏற்றிய படகு எந்தக் கோடு வரை அமிழுமோ, அந்த நீர்மட்டக் கோட்டிற்கு மேலே தூக்கி மிதக்க வைத்தால் படம் ஒய்யாரமாக இருக்கும். அறையை அகலமாகக் காட்ட, உள்ளே நிற்கும் மனிதனைச் சிறிதாக்குவதும் உண்டு. அப்படத்தை நம்பிப் பணம் கொடுப்பவர் ஒருவர். அப்படகில் கடலுக்குச் செல்பவர் வேறொருவர். நம் பிள்ளைகள் இதற்குக் கை கொடுத்தல் ஆகாது என்பது என் கருத்து.

நம் முன்னோர் பிறர் வரைந்த படத்திற்குக் கல்லும் மண்ணும் சுமந்தனர். வரைமேசையருகே அவர்களை அழைத்தவர் இலர். இத்தொழிலில் சாதி இல்லை என்று கூறி உங்களை ஏமாற்ற மாட்டேன். வேலைக்கு அழைப்பவன் பெயரைக் கேட்பான், ஊரைக் கேட்பான், தெருவையும் கேட்பான். ஆயினும் அதற்கு முன்பே உங்கள் படம் அவன் கையிலிருப்பின், முதற்பேச்சு படத்தைப் பற்றியதாகும். அவ்வேறுபாட்டைச் சிறிதென எண்ணாதீர்.

மென்பொருளுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டா. பிளெண்டர் என்பதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. அதனைப் பொதுவுடைமையாக்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. பயன்படுத்துவோரே ஏழு வாரத்தில் அத்தொகையைத் திரட்டினர். பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்தத் தெரிந்த நமக்கு இது வியப்பன்று. அதே பிளெண்டரில் உருவான ‘ஃப்ளோ’ என்னும் லாட்விய நாட்டுப் படம் 2025-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. வெள்ளத்தில் ஒரு பூனை பாய்மரப் படகேறிச் செல்லும் கதை அது. படகு அசையும்போது நீர் எவ்வாறு விலகுகிறதென்று பார்ப்பதற்காகவே அதனை ஒருமுறை காணுங்கள்.

கோடை விடுமுறைக்குள் ஸ்பிரேயின் உடலை மட்டும், நிறமின்றி, சாம்பல் வண்ணத்தில் செய்து முடித்து என்னிடம் காட்டுங்கள். பாயையும் கடலையும் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்.