மரத்துக்குள் மரம்

மைசூர் அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்துக்குப் போகிறவர்கள் அதன் வாசலில் சற்று நிற்க வேண்டும். ஈட்டி மரத்தில் தந்தம் பதித்த வேலை அது.

இந்தியாவில் தந்த வணிகத்துக்கு 1986இல் தடை வந்தது. கலை நிற்கவில்லை, மரத்துக்குள் மரத்தையே பதிக்கிறார்கள். மேசைப் பலகையில் ஒரு மயில் வேண்டுமா? வரைந்த உருவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மெல்லிய ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுக்கிறார்கள். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி. நிறம் மரத்தினுடையது, சாயம் அல்ல. பிறகு துண்டின் விளிம்பைப் பலகையில் கீறி, உளியால் பள்ளம் எடுக்கிறார்கள். கைத்திறன் முழுவதும் இங்கேதான்! பள்ளம் தளர்ந்தால் இடைவெளி தெரியும். இறுகினால் துண்டு பிளந்துவிடும். பசை காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

மைசூரின் இந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அச்சிட்ட படமா, பதித்த மரமா என்று கேட்டு வாங்குங்கள்.